பொதிகைக் காட்டை ரேடாரில் அளக்க எது தோது?

களக்காடு முண்டந்துறைப் பக்கம் காட்டின் அமைப்பை ரேடார் வைத்து அளக்க வேண்டும், எந்தச் செயற்கைக்கோள் தரவை எடுக்கலாம் என்று கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. ஆய்வுப் பட்டத்துக்குப் பதிவு செய்துவிட்டுத் தலைப்பை இறுக்கிப் பிடிக்க முடியாமல் நிற்கும் மாணவர்கள். மரம் நட்டுவிட்டு, எவ்வளவு கார்பன் சேர்ந்திருக்கிறது என்று கணக்குக் காட்ட வேண்டிய தொண்டு நிறுவனக்காரர்கள். குளத்தில் சீமைக்கருவேலத்தை வெட்டிய பிறகு அது மறுபடி எவ்வளவு வேகமாகத் தழைக்கிறது என்று பார்க்க நினைப்பவர்கள். மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னால் இரண்டு பேருக்கு அது தப்பாகத்தான் முடியும்.

ரேடார் ஏன் என்பதில் பெரிய விவாதம் தேவையில்லை. ஆனி ஆடியில் தென்மேற்குச் சாரல், ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு மழை என்று இரண்டு பருவமும் நனைக்கிற மலை இது. சாதாரணச் செயற்கைக்கோள் படத்தில் மலைமேல் இருக்கிற காக்காச்சியும் கோதையாறும் வருஷத்தில் பாதி நாள் மேகத்துக்குள் கிடக்கும். மேகம் இல்லாத நாளிலும் அந்தப் படம் பச்சை எவ்வளவு என்று சொல்லுமே தவிர, பச்சைக்குக் கீழே எவ்வளவு கட்டை நிற்கிறது என்று சொல்லாது. ரேடார் அலை மேகத்தைத் தாண்டிப் போய், இலையிலோ கிளையிலோ அடிமரத்திலோ பட்டுத் திரும்பி வருகிறது. எதில் பட்டுத் திரும்புகிறது என்பதுதான் தேர்வின் அடிப்படை.

## முதலில் பார்க்க வேண்டியவை

அலைநீளம் முதல் விஷயம். எந்த அளவு பொருள் அலைநீளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதோ, அதில்தான் அலை நன்றாக மோதித் திரும்பும். 3 செ.மீ. அலைக்கு (எக்ஸ்-பேண்டு என்பார்கள்) இலையே போதும். 5 செ.மீ. அலை (சி-பேண்டு) இலையிலும் சிறு கொப்பிலும் நின்றுவிடும். 24 செ.மீ. அலை (எல்-பேண்டு) இலையைக் கண்டுகொள்ளாமல் கிளைக்கும் தண்டுக்கும் போகும். 70 செ.மீ. அலை (பி-பேண்டு) பெரிய கிளை, அடிமரம், தரை என்று எல்லாவற்றையும் தொட்டு வரும்.

இதிலிருந்தே இரண்டாவது விஷயம் வருகிறது: எந்த இடத்தில் கண் கட்டிப்போகிறது என்பது. காடு அடர்த்தியாக ஆக எதிரொலி கூடும். ஒரு கட்டத்துக்கு மேல் கூடாது. அதற்கப்புறம் உயிர்த்திணிவு, அதாவது நிற்கிற மரத்தின் எடை, எக்டேருக்கு 150 டன் நின்றாலும் 400 டன் நின்றாலும் ரேடாருக்கு ஒன்றுதான். சி-பேண்டுக்கு இந்த எல்லை சுமார் 30 முதல் 50 டன். எல்-பேண்டுக்கு 100, மிஞ்சினால் 150. பி-பேண்டு 200, 300 டன்னைத் தாண்டியும் பேசும். காக்காச்சி மாதிரி வெடிப்பலாவும் நாங்கும் நிற்கிற பசுமைமாறாக் காடு எந்தப் பக்கம் விழும் என்று பார்த்தால், நம் ஊர் ஆய்வேடுகளில் பாதிக்கு மேல் ஏன் அங்கே தடுமாறுகின்றன என்பது புரிந்துவிடும்.

மூன்றாவது, காட்டுத் துண்டின் அளவு. நான்காவது, எத்தனை வருஷத் தரவு கையில் இருக்கிறது என்பது. ஐந்தாவது, இலவசம் என்று போட்டிருப்பதற்குப் பின்னால் எவ்வளவு ஆகும் என்பது. ஆறாவது மலையின் சரிவு. நம் இடத்துக்கு இதைத்தான் நான் முதலில் வைப்பேன். மற்றவர்கள் இதைக் கடைசியில் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். நான் இதற்கே ஒரு தனித் தலைப்பு தருகிறேன்.

## மலை எந்தப் பக்கம் பார்க்கிறது

ரேடார் நேர்கீழே பார்ப்பதில்லை, பக்கவாட்டில் சாய்ந்து பார்க்கிறது. எது முதலில் திரும்பி வருகிறதோ அதை முதலில் எழுதிக்கொள்கிறது. மணிமுத்தாறு அணைப் பக்கத்திலிருந்து மாஞ்சோலை வரை நிலம் பல நூறு மீட்டர் ஏறுகிறது, அதுவும் கொஞ்ச தூரத்துக்குள். திருநெல்வேலிக்காரர்கள் பார்க்கிற மலைமுகம் பெரும்பாலும் கிழக்கு நோக்கியது.

ஐரோப்பாவின் சி-பேண்டு ரேடார் செயற்கைக்கோளான சென்டினல்-1 காலை ஆறு மணி வாக்கில் வடக்கிலிருந்து தெற்கே போகும்போது வலப்பக்கம், அதாவது மேற்கே பார்க்கிறது. அந்த நேரத்தில் நம் கிழக்குச் சரிவு ரேடாருக்கு நெஞ்சைக் காட்டி நிற்கிறது. 39 டிகிரிச் சாய்வில் வருகிற அலை 25 டிகிரிச் சரிவில் நேருக்கு நேர் விழுந்தால், சமதளத்தைவிட இரண்டரை மடங்குக்கும் மேற்பட்ட நிலம் ஒரே பிக்சலுக்குள் சுருங்கிவிடும். கணக்குப் போட்டால் எதிரொலியின் வலு 4 டெசிபல் சும்மா ஏறுகிறது. முள்காட்டுக்கும் நல்ல காட்டுக்கும் உள்ள வித்தியாசமே சில டெசிபல்தான் என்பதால், சரிவைக் கழிக்காத படத்தில் வெறும் பாறை முகம் அடர்ந்த காடாகத் தெரியும். சரிவு 39 டிகிரியைத் தாண்டினால் உச்சி அடிவாரத்துக்கு முந்திக்கொண்டு வந்து அதன்மேல் மடங்கி விழும். அந்த இடத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, வெட்டி எறிய வேண்டியதுதான்.

மாலையில் தெற்கிலிருந்து வடக்கே போகும் பாதை கிழக்கே பார்க்கும். அப்போது நம் சரிவு முதுகைக் காட்டும். மிதமான சரிவுகளுக்கு இதுதான் மேல். செங்குத்தான இடங்கள் நிழலில் போய்விடும். ஆகவே தரவைத் தேடும்போது தேதியைப் பார்ப்பதற்கு முன்னால் பாதைத் திசையைப் பாருங்கள். உங்கள் இடத்துக்கு எந்தத் திசையில் தொடர்ச்சியாகப் படம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே தலைப்பைச் சுருக்க வேண்டியிருக்கலாம்.

| தரவு | அலைநீளம் | உயிர்த்திணிவு எல்லை (எக்டேருக்கு) | கிடைக்கும் நுணுக்கம் | கைக்கு வரும் காலம் |
|---|---|---|---|---|
| சென்டினல்-1 (சி) | சுமார் 5.5 செ.மீ. | 30–50 டன் | 10 மீ. பிக்சல் | 2014 முதல் |
| ஏலோஸ் ஆண்டு மொசைக் (எல்) | சுமார் 24 செ.மீ. | 100–150 டன் | 25 மீ. பிக்சல் | 2007–2010, 2015 முதல் |
| நிசார் (எல், எஸ்) | 24 செ.மீ., 9 செ.மீ. | 100 டன் வரை இலக்கு | 1 எக்டேர் கணக்கு | 2025 ஜூலையில் ஏவியது |
| பயோமாஸ் (பி) | சுமார் 70 செ.மீ. | 200–300 டன்னுக்கு மேலும் | 200 மீ. கட்டம் | 2025 ஏப்ரலில் ஏவியது |
| டான்டெம்-எக்ஸ் (எக்ஸ்) | 3 செ.மீ. | உயரத்துக்கு மட்டும் | 12 முதல் 30 மீ. | 2010-க்குப் பின் |

## சென்டினல்-1: மாற்றத்தைப் பார்க்க

12 நாளுக்கு ஒரு தடவை அதே பாதையில் வரும். இலவசம். படத்தை இறக்காமலே இணையத்தில் அலச உதவும் கூகுள் எர்த் எஞ்சினில் தயாராக இருக்கிறது. மாணவர்கள் எல்லாரும் இதில் போய் விழுவதற்கு இதுதான் காரணம், அதில் தப்பில்லை. ஆனால் இதை வைத்து முதிர்ந்த காட்டின் உயிர்த்திணிவைச் சொல்லப் போனால் வரைபடத்தில் புள்ளிகள் ஒரு கிடைக்கோடாகப் படுத்துக்கொள்ளும். பிறகு அதைச் சரிக்கட்ட இன்னும் பத்து மாறிகளைச் சேர்த்து, இயந்திரக் கற்றல் என்று பெயர் போட்டு, ஒரு நல்ல எண்ணைக் கொண்டுவந்துவிடலாம். அந்த எண் சரிவையும் உயரத்தையும் கற்றுக்கொண்டதே தவிர மரத்தைக் கற்றிருக்காது.

இதன் பலம் காலத் தொடரில் இருக்கிறது. முண்டந்துறை மேட்டு நிலத்து இலையுதிர் காட்டில் மாசி பங்குனியில் இலை கொட்டும்போது எதிரொலி இறங்குவதும், மழைக்குப் பின் ஏறுவதும் தெரியும். மரம் விழுந்த இடம், தீப்பிடித்த புல்வெளி, வெட்டிய தேக்குத் தோட்டம் போன்றவற்றுக்கும் இதுவே சரி. நனைந்த இலை எதிரொலியைக் கூட்டும் என்பதையும், காலை ஆறு மணிப் பாதையில் பனித்துளியும் சேர்ந்து கணக்கில் வரும் என்பதையும் மறக்கக் கூடாது. மழை நாள் படங்களை மழைமானிப் பதிவோடு ஒப்பிட்டு விலக்குங்கள்.

ஒரே ஒரு படத்தை மட்டும் வைத்து எதையும் சொல்லாதீர்கள். 10 மீட்டர் பிக்சல் என்று இருந்தாலும் அதில் உள்ள புள்ளி இரைச்சல் அதிகம். எக்டேருக்கு 100 பிக்சலைச் சேர்த்துச் சராசரி எடுத்தால்தான் எண் நிலைக்கு வரும். இந்தியத் தரவே வேண்டும் என்றால் 2022 பிப்ரவரியில் ஏவிய இஓஎஸ்-04-உம் சி-பேண்டுதான். இஸ்ரோவின் பூநிதித் தளத்தில் தேடிப் பார்க்கலாம். காட்டைப் பொறுத்தவரை அதன் வரம்பும் இதேதான்.

## ஏலோஸ் ஆண்டு மொசைக்: என் முதல் தேர்வு

ஜப்பானின் எல்-பேண்ட். வருஷத்துக்கு ஒரு படம், 25 மீட்டர் பிக்சல், சரிவுத் திருத்தம் செய்தே தருகிறார்கள், காசு கிடையாது. அடிவாரத்து முள்காடு, உடைமரக் காடு, முண்டந்துறையின் வறண்ட இலையுதிர் காடு, தேக்கு, குளத்துச் சீமைக்கருவேலம் எல்லாம் 100 டன்னுக்குள் அடங்குகிறவை. அங்கே இதற்கு நிகர் இல்லை.

இதில் இரண்டு பட்டைகள் வரும். அலையைப் படுக்கையாக அனுப்பிப் படுக்கையாகவே வாங்குவது எச்எச். படுக்கையாக அனுப்பி நிமிர்ந்து வருவதை மட்டும் பொறுக்குவது எச்வி. கிளைகள் கோணல்மாணலாகக் கிடந்தால்தான் அலை திரும்புகிற வழியில் நிமிரும். அதனால் மரத்தின் திரளைப் பார்க்க எச்வி நல்லது. எச்எச் வேறு ஒரு வேலைக்கு நல்லது. கார்த்திகையில் குளம் நிறைந்து, சீமைக்கருவேலம் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும்போது அலை தண்ணீரில் பட்டு, தண்டில் பட்டு, வந்த வழியே திரும்பும். குளத்துக்குள் அந்தத் திட்டு பளிச்சென்று வெளுத்துக் காட்டும். அதே குளம் வைகாசியில் வற்றிக் கிடக்கும்போது எடுத்த படத்தில் அந்த வெளுப்பு இருக்காது. இரண்டு வருஷத்தை ஒப்பிட்டு மரம் குறைந்துவிட்டது என்று எழுதினால் தண்ணீர் குறைந்ததைத்தான் எழுதியிருப்பீர்கள்.

மறைந்திருக்கும் செலவு இங்கேதான். ஆண்டு மொசைக் என்பது ஒரே நாளில் எடுத்தது கிடையாது. ஒரு பட்டி ஒரு மாதம், அடுத்த பட்டி வேறு மாதம் என்று ஒட்டியது. எடுத்த தேதி தனிப் பட்டையாகவே தருகிறார்கள், ஆனால் அதைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. 2011 முதல் 2014 வரை ஓட்டை. முந்தைய ஏலோஸ் 2011-இல் நின்றது, ஏலோஸ்-2 2014 மேயில்தான் போனது. இரண்டும் ஒரே கருவி கிடையாது. ஓட்டையின் இரு கரையையும் ஒட்டி ஒரே கோடாக வரைவதற்கு முன்னால், மாறாத ஓர் இடத்தை வைத்து இரண்டையும் சரிபார்க்க வேண்டும்.

இன்னொன்று நமக்கே உரிய தொல்லை. பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலியை ஒட்டிப் போகிறது. கிருஷ்ணாபுரத்தில் புவிகாந்த ஆய்வு நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பதே அதற்காகத்தான். இந்த நடுக்கோட்டுப் பக்கம் பொழுது சாய்ந்த பிறகு அயனி மண்டலம், அதாவது உயரே இருக்கிற மின்னேறிய காற்றடுக்கு, கலங்கும். நீண்ட அலைகளை அது அலைக்கழிக்கும். ஏலோஸ்-2 நம்மைக் கடப்பது நடுப்பகலிலும் நடுராத்திரியிலும். ராத்திரிப் படத்தில் வடக்குத் தெற்காகக் கோடு கோடாகத் தெரிந்தால் அது காட்டின் அமைப்பு கிடையாது, அந்த வருஷத்துப் பட்டியைத் தள்ளிவிட வேண்டும்.

## நிசார்: காத்திருக்கலாமா?

இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது. ஏலோஸின் எல்-பேண்ட், சென்டினல் மாதிரி 12 நாள் சுற்று, கூடவே இஸ்ரோவின் எஸ்-பேண்ட். தரவும் இலவசம். காகிதத்தில் இதற்கு எதிராகச் சொல்ல ஒன்றுமே இல்லை.

சரிவு விஷயத்திலும் இது வேறு மாதிரி. நிசார் எப்போதும் இடப்பக்கம் பார்க்கிறது. ஆகவே காலைப் பாதையில் கிழக்கே பார்க்கும், மாலைப் பாதையில் மேற்கே பார்க்கும். சென்டினலுக்கு நேர்மாறு. சென்டினலில் நசுங்கிப்போன கிழக்குச் சரிவு நிசாரின் காலைப் படத்தில் பிழைத்துக்கொள்ளும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதற்கு நம் மலை நல்ல இடம்.

ஆனால் பழைய காலம் இதில் கிடையாது. ஒக்கிப் புயலுக்கு முன்னும் பின்னும் என்று ஒருவர் தலைப்பு வைத்தால் 2017-க்கு நிசார் எப்படி உதவும்? இப்போது தொடங்கி இனிமேல் நடப்பதைக் கவனிக்க நினைப்பவர்களுக்கு இது. எனக்குத் தோன்றும் நல்ல தலைப்பு மாஞ்சோலை. தேயிலை நிலத்தின் 99 வருஷக் குத்தகை 2028-இல் முடிகிறது. அங்கே தேயிலை காடாகத் திரும்புமானால், முதல் சில டன்களிலிருந்தே அதைப் பின்தொடர எல்-பேண்டும் எஸ்-பேண்டும் போதும். இளங்காட்டில் எல்லை ஒரு பிரச்சினையே இல்லை.

## பயோமாஸ்: பெருங்காட்டுக்கு

ஐரோப்பியர்கள் 2025 ஏப்ரல் 29 அன்று கூரூவிலிருந்து ஏவிய பி-பேண்ட் ரேடார். காக்காச்சி, கோதையாறு, செங்கால்தேரி மாதிரி உயரமும் கனமும் உள்ள காட்டைப் பார்த்து எண் சொல்லக்கூடியது இது ஒன்றுதான் என்று சொல்லலாம். முதல் கட்டத்தில் ஒரே இடத்தைச் சற்று விலகிய பாதைகளிலிருந்து பல தடவை பார்த்து, காட்டை அடுக்கடுக்காக வெட்டிப் பார்க்கிற வேலையும் செய்கிறது. மேல்விதானம், இடைமரம், கீழ்த்தட்டு என்ற அடுக்குகளை ரேடாரில் பார்க்க வேறு எளிய வழி இல்லை.

கட்டம் 200 மீட்டர் என்பதுதான் இடிக்கிறது. ஒரு கட்டம் 4 எக்டேர். நாலுமுக்கு, ஊத்துப் பக்கம் தேயிலைக்கு நடுவே இருக்கிற சின்னச் சோலைத் துண்டு அதில் கரைந்துபோகும். நமது பள்ளத்தாக்குகளில் 200 மீட்டருக்குள் ஒரு சரிவு, ஓர் ஓடை, எதிர்ச்சரிவு எல்லாம் வந்துவிடும். வனத்துறை பீட் (ஒரு காவலர் பார்த்துக்கொள்கிற பகுதி) அளவில் முடிவெடுக்க இது உதவாது. மொத்தக் காப்பகத்துக்கும், சுமார் 895 சதுர கிலோமீட்டருக்கும், ஒரு கணக்குச் சொல்ல உதவும்.

## டான்டெம்-எக்ஸ்: உயரத்துக்கு ஒரு குறுக்குவழி

இரண்டு ஜெர்மன் செயற்கைக்கோள்கள் பக்கத்தில் பக்கத்தில் பறந்து ஒரே நேரத்தில் எடுத்த தரை உயரப் படம். 30 மீட்டர் நுணுக்கத்தில் கோப்பர்நிகஸ் உயர மாதிரியாக இலவசமாகக் கிடைப்பது இதிலிருந்து செய்ததுதான். 3 செ.மீ. அலை விதானத்துக்குள் அதிகம் இறங்காது, அதனால் இது சொல்வது தரையின் உயரத்தை இல்லை, மரத்தலையை ஒட்டிய உயரத்தை. தரை உயரம் தனியாகத் தெரிந்தால் கழித்தால் போதும், மரத்தின் உயரம் வந்துவிடும்.

தரை உயரம் எங்கே கிடைக்கும்? காட்டுக்கு உள்ளே கிடைக்காது. 20 மீட்டர் இடைவெளிச் சமஉயரக் கோடுகளை வைத்து 25 மீட்டர் மரத்தை அளக்க முடியாது. ஆனால் தேயிலையும் காடும் சந்திக்கிற விளிம்பில் முடியும். தேயிலைச் செடி இடுப்பளவு, பக்கத்துக் காடு 20 மீட்டருக்கு மேல். விளிம்பைக் குறுக்கே வெட்டி ஒரு கோடு போட்டால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் படி ஏறுவது தெரியும். விளிம்பு நெடுகிலும் இப்படிச் செய்தால் ஓரமரங்களின் உயரம் கையில் இருக்கும். உட்காட்டுக்கு அதை நீட்டாதீர்கள். தரவு பெரும்பாலும் 2011-க்கும் 2015-க்கும் இடையில் எடுத்தது என்பதையும் கட்டுரையில் எழுதுங்கள்.

லேசர்க்காரர்கள் இந்த இடத்தில் கெடியை எடுத்து வைப்பார்கள். விண்வெளி நிலையத்திலிருந்து 25 மீட்டர் வட்டங்களாக உயரம் சொல்கிற கருவி. ரேடாரை அளவுதிருத்த அருமையான துணை. ஆனால் 30 டிகிரிச் சரிவில் அந்த வட்டத்துக்குள்ளேயே தரை 14 மீட்டர் ஏறி இறங்குகிறது. மரமே இல்லாத சரிவிலும் உயரம் காட்டிவிடும். சரிவு 15 டிகிரிக்குக் குறைந்த வட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தள்ளுங்கள்.

## யாருக்கு எது

குளத்துச் சீமைக்கருவேலம், அடிவார நடவு, தேரி ஓரத்து உடைமரம் என்றால் ஏலோஸ் மொசைக். வேறு எதையும் தேட வேண்டாம். இனிமேல் வருகிற வருஷங்களுக்கு நிசாரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தீ, வெட்டு, புயலில் சாய்ந்த மரம், இலையுதிர்வு என்றால் சென்டினல். உயிர்த்திணிவு என்ற சொல்லைத் தலைப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பசுமைமாறாக் காட்டில் கார்பன் எண் வேண்டும் என்று யாராவது பணம் தருகிறார்கள் என்றால், எல்-பேண்டில் வந்த எண்ணைக் கொடுக்காதீர்கள். 100 டன்னுக்கு மேல் என்று மட்டும் சொல்ல அதற்கு உரிமை உண்டு. பயோமாஸ் தரவை எடுங்கள், கெடி வட்டங்களோடு சரிபாருங்கள், மொத்தக் காப்பகத்துக்கு ஒரு வீச்சாகச் சொல்லுங்கள். ஒற்றை எண்ணாகக் கேட்டால் தர முடியாது என்று சொல்லிவிடலாம்.

கையில் சாதாரண மடிக்கணினியும் ஆமை வேக இணையமும்தான் இருக்கிறது என்றால், ஒவ்வொன்றும் ஒரு ஜிபி வருகிற மூலப் படங்களை இறக்கிச் சாகாதீர்கள். எர்த் எஞ்சினிலேயே வேலையை முடிக்கலாம். சென்டினலில் சரிவுத் திருத்தம் வேண்டுமானால் அலாஸ்கா சாட்டிலைட் ஃபெசிலிட்டியில் கேட்டால் அவர்கள் கணினியிலேயே செய்து தருகிறார்கள்.

## தரையில் ஆகிற செலவு

இதுவரை சொன்ன எதற்கும் காசு இல்லை. காசு ஆவது காட்டுக்குள். எந்த ரேடாரை எடுத்தாலும் நாலைந்து கால் எக்டேர் பிளாட்டாவது (அளவெடுக்கும் நிலத்துண்டு) போட்டு, ஒவ்வொரு மரத்தையும் 1.37 மீட்டர் உயரத்தில் டேப் சுற்றி அளக்க வேண்டும். வெடிப்பலாவுக்கு அடியில் பலகை வேர் இருந்தால் அதற்கு மேலே போய்ச் சுற்ற வேண்டும். சரிவில் டேப்பைத் தரையோடு இழுத்தால் பிளாட் சின்னதாகிவிடும், கிடைமட்டத் தூரமாக மாற்றிக்கொள்ள வேண்டும். விதானத்துக்குக் கீழே கைபேசி ஜிபிஎஸ் பத்து மீட்டர் தள்ளிக் காட்டுவது சாதாரணம். 10 மீட்டர் பிக்சலோடு அதைப் பொருத்தினால் ஒரு பிக்சல் தவறிவிடும், அதனால் பிளாட்டைப் பெரிதாக வைப்பதே நல்லது. ஈத்தைக் காடு (நாணல் மூங்கில் புதர்) குறுக்கே வந்தால் ஒரு பிளாட்டுக்கு ஒரு முழுநாள் போகும். அட்டைக்கடி கணக்கில் சேராது.

மரப்பெயர் தெரிந்த, இந்த மலையின் பழங்குடிகளான காணிக்காரர்கள் கூட வந்தால் வேலை பாதியாகும். அவர்கள் கூலியைத் திட்டச் செலவில் தனி வரியாகப் போடுங்கள், 'இதர செலவு' என்று ஒதுக்காதீர்கள். ஜீப் வாடகை, வாட்சர் படி, தங்குமிடம் எல்லாம் சேர்ந்து ஒரு நல்ல மடிக்கணினி விலையைத் தாண்டிவிடும்.

புலிகள் காப்பகத்துக்குள் நுழைய ஆய்வு அனுமதி சென்னையிலிருந்து வர வேண்டும். அதற்கு மாதக்கணக்காகலாம். ரேடாருக்கு ஏற்ற உலர்ந்த காலம் மாசி முதல் சித்திரை வரை. அதற்குள் பிளாட் போட வேண்டுமானால் மனு முந்தைய ஆவணியிலாவது போயிருக்க வேண்டும். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கூட்டம் கூடுகிற நாட்களில் காரையாறுப் பாதையில் களவேலை என்று எதையும் வைக்காதீர்கள். துறையின் ஆட்கள் எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள்.